எட்டாம் வகுப்பில் என் மாமனார்

அக்டோபர் 7, செவ்வாய்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே தொண்டை போய்விட்டது. அத்தை சுக்கு தட்டிப் போட்டுக் காபி கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம். நான் வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. வீட்டில் பதினொரு ஆடு இருக்கிறது, அதை யார் பத்திக்கொண்டு போவது என்பது அவர் கேள்வி.

பி.எட். முடித்து நாலு வருஷம் சும்மா இருந்தேன். இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் மாறுதலில் போனதால் என்னைத் தற்காலிகமாக எடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு வகுப்பு டீச்சரும் நான்தான். முப்பத்து நாலு பிள்ளைகள். தலைமையாசிரியை தெரசாள் டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நவம்பர் கடைசில கல்வி ஆபீசுல இருந்து வந்து ஒங்க வகுப்பப் பாப்பாங்க. சரின்னு எழுதுனா ஏப்ரல் வரைக்கும் நீங்கதான். இல்லைன்னா நான் வேற ஆள் தேடணும். எட்டாவது கொஞ்சம்..." ஜன்னலைப் பார்த்தார்.

கொஞ்சம் என்ன கொஞ்சம்? சந்தைக்கடை!

நான் அருப்புக்கோட்டைக்காரி. கூத்தனேந்தலுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அத்தை பெயரை வைத்து இந்த ஊரில் நான் 'அழகுத்தாய் மருமக'. பாண்டீஸ்வரி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஆதார் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேர் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். இது போச்சுன்னா ஆடுதான்.

அக்டோபர் 8, புதன்

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். 'புதிய மொழி ஆசிரியர்களுக்கு வகுப்பறை மேலாண்மை'. ஒரு மணி பத்து நிமிஷம். கண்ணாடி போட்ட ஒரு மேடம் பேசுகிறார். அவர் வகுப்பில் பன்னிரண்டே பிள்ளைகள், எல்லோரும் ஷூ போட்டிருக்கிறார்கள், யாரும் யாரையும் கிள்ளவில்லை. நோட்டில் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

முதல் உத்தி: ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரைச் சொன்னாலே பாதிக் குறும்பு அடங்கிவிடும்.

இவ்வளவுதானா? இது நம்மால் முடியும்.

அக்டோபர் 9, வியாழன்

முடியாது.

மூன்று நாளாகத் தெரசாள் டீச்சர்தான் வருகைப் பதிவு எடுத்தார். இன்று நான் எடுத்தேன். பதினேழாவது பெயர் தங்கபாண்டி. சத்தமாகப் படித்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"டீச்சர், நீங்க எம்பேரச் சொல்லக் கூடாது. நான் ஒங்களுக்கு மாமனாரு."

வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. எனக்கு அப்போதுதான் முகம் நினைவுக்கு வந்தது. அய்யோ, ஆமாம்!

என் மாமனாருடைய அப்பாவுக்கு மாரிச்சாமி என்று ஒரு கடைசித் தம்பி. அவருக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகு பிறந்த கடைக்குட்டிதான் இந்தத் தங்கபாண்டி. வயது பதின்மூன்று. ஆனால் முறைக்கு என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா. அப்படியென்றால் எனக்குச் சின்ன மாமனார். கல்யாணத்தன்று பெரியவர்களிடம் வரிசையாகத் திருநீறு வாங்கினோமே, அந்த வரிசையில் கடைசியாக நின்று, ஒரு கையில் குச்சி மிட்டாயும் மறு கையில் திருநீறுமாக என் நெற்றியில் அப்பியது இதே ஆள்தான். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் கால் வைக்கும் முன்பே சேதி வந்து உட்கார்ந்திருக்கிறது. அத்தை மத்தியானம் சாப்பிடவே இல்லையாம்.

"மாமனாரு பேரச் சொன்னியாமே?"

"அத்தை, அது வருகைப் பதிவு. எல்லாருக்கும் சொல்றதுதான்."

"எல்லாரும் ஒனக்கு மாமனாரா? வயசு சின்னதுன்னா முறை இல்லன்னு ஆயிருமா? நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு மாமனாரு பேரு என் வாயில வந்ததில்ல. பேரச் சொல்லாமப் படிச்சுக் குடுக்க முடியாதாக்கும்?"

அவரிடம் — என் வீட்டுக்காரர் வீரபத்திரனிடம் — முறையிட்டேன். மினி பஸ் ஓட்டுகிறவர், எந்தப் பக்கமும் சாயாமல் பழகியவர். "நம்பர் சொல்லிக் கூப்பிடு" என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

'செவன்டீன்' என்று கூப்பிட்டேன். மாமனாரை ஜெயில் கைதி மாதிரி நம்பர் போட்டுக் கூப்பிட்டதாகச் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. யார்தான் கொண்டுவருகிறார்கள்? வகுப்பில் கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்து வீடு.

திங்களிலிருந்து அடுத்த உத்தி.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டாவது உத்தி: கத்தாதீர்கள். அமைதியாக நில்லுங்கள். உங்கள் மௌனத்தைப் பார்த்து அவர்களே அடங்குவார்கள்.

நின்றேன். அவர்கள் பேசினார்கள். நின்றேன். பேனா சண்டை ஆரம்பித்து, ஒரு சுற்று முடிந்து, ஜெயித்தவன் யாரென்று தகராறும் வந்தது. இருபது நிமிஷம் கழித்து முதல் பெஞ்ச் இவாஞ்சலின் எழுந்து வந்து மெதுவாக, "டீச்சர், தலை சுத்துதா? தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

நாள் முழுக்க நின்றதில் முழங்கால் வலி. அத்தையிடம் தைலம் கேட்கவில்லை, கேட்டால் சந்தோஷப்படுவார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்றாவது உத்தி கைதட்டல். நான் ஒரு தாளத்தில் தட்டினால் பிள்ளைகள் அதே தாளத்தில் திருப்பித் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். திருப்பித் தட்டினார்கள். அமைதிக்குப் பதிலாகக் குலவை வந்தது. பிறகு பக்கத்து ஏழாம் வகுப்பு தட்டியது, அதற்கு ஆறாம் வகுப்பு பதில் சொன்னது. சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு ஓடி வந்து "என்ன டீச்சர், யாரும் பெரிய மனுசி ஆயிட்டாளா?" என்று கேட்டார்.

தெரசாள் டீச்சர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அக்டோபர் 15, புதன்

இன்னொரு கூத்து. தங்கபாண்டி வெளியே போய்விட்டு உள்ளே வரும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் மாமனார் வகையறா வந்தால் எழுந்து எழுந்து பழக்கம், கால் தானாக நிமிர்கிறது. டீச்சர் எழுந்ததைப் பார்த்து முப்பத்து மூன்று பேரும் எழுந்து "குட் மார்னிங் சார்" என்றார்கள். அவன் கையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

அவன் என்று எழுதினால் தப்பு, அவர் என்று எழுதினால் சிரிப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹி'. அந்த ஒரு விஷயத்துக்காகவே ஆங்கிலம் படித்தது நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 17, வெள்ளி

நேற்று வாசிப்பு நேரத்தில் தங்கபாண்டி பெஞ்சுக்கு அடியில் புகுந்து ஆடு மாதிரி கத்தினான். தண்டனை கொடுத்தேன்: 'ஐ வில் நாட் மேக் நாய்ஸ் இன் கிளாஸ்', ஐம்பது முறை எழுதி வர வேண்டும். இன்று கொண்டுவந்தான். ஐம்பதும் இருந்தது. எழுத்து குண்டு குண்டாக, வலது பக்கம் மலை ஏறியது.

இந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். மளிகைச் சீட்டில். துவரம் பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, நாந்தான் எழுதுனேன். நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதான். கொழுந்தனாரு கை வலிக்க ஒக்காந்து எழுதுறதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? மதினி மதினின்னு வந்து நின்னாக, எழுதிக் குடுத்தேன்."

மாமியாருக்கு இம்போசிஷன் கொடுத்த முதல் மருமகள் இந்தத் தாலுகாவிலேயே நானாகத்தான் இருப்பேன். ஒரு சின்ன திருப்தி. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் பெரியவர்கள் எல்லோரிடமும் திருநீறு வாங்கினோம். எல்லோரிடமும் என்றால் எல்லோரிடமும்தான். சின்ன மாமனார் இடது கையில் புஸ்வாணத்தை வைத்துக்கொண்டு வலது கையால் பூசிவிட்டு, "நல்லாருங்க, நல்லா டீச்சர் வேலை பாருங்க" என்றார்.

கொழுப்பு!

அக்டோபர் 24, வெள்ளி

நான்காவது உத்தி வேலை செய்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

'வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்.' தமிழில் ஒரு வார்த்தை பேசினால் பெயர் பலகையில் ஏறும், விளையாட்டுப் பீரியடில் உள்ளேயே உட்கார வேண்டும். அவ்வளவுதான். வகுப்பு கப்சிப். பேசுவதற்கு ஆங்கிலம் இல்லை, தமிழுக்கு அனுமதி இல்லை, பாவம் என்ன செய்வார்கள்? முப்பத்து நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு கண்ணால் பேசினார்கள். வராந்தாவில் போன தெரசாள் டீச்சர் நின்று, எட்டிப் பார்த்து, "அடடா!" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன்.

எழுதிக்கொண்டே இருக்கிறேன், பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எல்லோர் கையும் என்னை நோக்கி நீண்டிருக்கிறது. மாரிக்கண்ணன் வாயைத் திறக்கிறான், மூடுகிறான். இவாஞ்சலினுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாட்?" என்றேன். கடைசியில் இவாஞ்சலின்தான் எழுந்தாள்.

"மேடம்... மெனி லெக்... கோயிங் அப்... யுவர் சாரி."

பூரான்! என் சேலையில்! முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது! முப்பத்து நாலு பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருத்தருக்கும் பூரானுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. "எப்பா, தட்டி விடுங்கடா!" என்று நான் கத்திய கத்தலில் ஒரு ஆங்கில வார்த்தைகூட இல்லை. தங்கபாண்டிதான் ஓடி வந்து பரீட்சை அட்டையால் தட்டிவிட்டான்.

பிறகு இவாஞ்சலின் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பலகையில் என் பெயரை எழுதினாள். சட்டம் சட்டந்தானே. விளையாட்டுப் பீரியடில் நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 29, புதன்

பொறுமை போய்விட்டது. பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னேன். மாரிச்சாமி தாத்தா வந்தார். வெள்ளை வேட்டி, துண்டு, காதில் ஒரு பீடி. எனக்குத் தாத்தா முறை. அவர் முன்னால் வாயைத் திறக்கவே கூடாது என்று அத்தை காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். தெரசாள் டீச்சர் நடுவில்.

"வாசிக்கச் சொன்னா சேட்டை பண்றாருன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன் அலமாரியிடம்.

"வாசிக்கச் சொன்னா சேட்டை பண்றானாம்" என்றார் தெரசாள் டீச்சர்.

"காது கேக்குது" என்றார் தாத்தா. "பேரன் பொண்டாட்டி நம்ம பயலப் பத்திக் குறை சொல்லுற காலம் வந்துருச்சான்னு கேளுங்க."

"குறை சொல்ற காலம் வந்துருச்சான்னு கேக்குறாரு."

"நானும் கேட்டேன் டீச்சர். குறை இல்ல, அக்கறைன்னு சொல்லுங்க."

"அக்கறையாம்."

தமிழிலிருந்து தமிழுக்கு இப்படிக் கால் மணி நேரம். முடிவில் தெரசாள் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "ஆண்டவரே, எனக்கு இதுக்குத் தனிச் சம்பளம் குடுக்கணும்" என்றார். தாத்தா போகும்போது, "அது அதுபாட்டுக்கு இருக்கட்டும், கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க, போட்டுட்டுப் போறேன்" என்றார். காட்டிய காகிதத்தில் பார்க்காமலே போட்டார். அது சத்துணவு அரிசிக் கணக்கு.

அவர் போன பிறகு தெரசாள் டீச்சர் சிரிக்கவில்லை. "இன்னும் நாலு வாரந்தான் இருக்கு டீச்சர். நெனச்சுக்கங்க" என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டு நாள் மழை. கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று பாதி வகுப்பு அங்கேதான் இருக்கிறது. வந்தவர்களுக்கு, இன்று மட்டும் தமிழுக்கும் அனுமதி கொடுத்து, உறவுமுறைப் பாடம் எடுத்தேன். அந்த வீடியோ மேடம் சொன்ன குறிப்பைப் பார்க்கவில்லை, நானாகவே எடுத்தேன்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்றதும் பெரிய ரகளை. "அப்ப யாருக்குப் பயப்படணும், யாருகிட்ட காசு கேக்கணும்னு எப்புடி டீச்சர் தெரியும்?" என்றான் மாரிக்கண்ணன். நியாயமான கேள்வி. மாமனார் 'ஃபாதர்-இன்-லா', மருமகள் 'டாட்டர்-இன்-லா' என்று எழுதிப் போட்டேன். முதல் தடவையாகத் தங்கபாண்டி கன்னத்தில் கை வைத்துக் கவனித்தான். நான் சொன்னதைத் திருப்பிச் சரியாகச் சொன்னான். காதால் கேட்டதெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்கிறான்.

நவம்பர் 6, வியாழன்

தெரசாள் டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: "முறை விடமாட்டேங்குதுன்னா, முறைப்படியே போங்க. பேரச் சொல்லிக்கிறேன்னு அவன்கிட்டயே உத்தரவு வாங்குங்க." அத்தையிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அவுகளா வாய்விட்டுச் சொன்னாச் சரிதான். பெரியவுக வார்த்தைக்கு மறுவார்த்தை இல்ல" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், பதின்மூன்று வயதுப் பெரியவரிடம் அனுமதி கேட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டு இல்லாத தோளில் துண்டு இருப்பது மாதிரி தட்டிவிட்டுக்கொண்டார்.

"மூணு கண்டிசன் டீச்சர். விளையாட்டுப் பீரியட இங்கிலீசுக்கு எடுக்கக் கூடாது."

"சரி."

"வெள்ளிக்கிழமை தமிழ்ல பேசலாம்."

"சரி. மூணாவது?"

தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னிய வாசிக்கச் சொல்லக் கூடாது."

"அது எப்படிப்பா, அது பாடமாச்சே?"

"அப்பப் பேரச் சொல்லாதீக" என்று தட்டோடு போய்விட்டான்.

நவம்பர் 7, வெள்ளி

வருகைப் பதிவை, என் நோட்டை, இந்த டைரியை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஆட்டுக் கத்தல் வாசிப்பு நேரத்தில். பேனா உடைந்து மை கொட்டியது வாசிப்பு நேரத்தில். வயிற்று வலி வாசிப்பு நேரத்தில், மூன்று தடவை. அவன் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் கலவரம் ஆரம்பிக்கும், மணி அடிக்கும் வரை ஓயாது.

அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு மாசமாக உத்தி உத்தி என்று கைதட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். மக்கு டீச்சர், மக்கு!

இதைப் போய் அந்தப் பயலிடம் எப்படிக் கேட்பது? மாமனாரிடம் மருமகள் 'உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமா' என்று கேட்கலாமா? கேட்டால் முறை போய்விடும், கேட்காவிட்டால் பயல் போய்விடுவான்.

நவம்பர் 10, திங்கள்

கேட்கவில்லை. முறைப்படி செய்தேன். "மாமா, சாயங்காலம் வீட்டுக்குக் காபிக்கு வாங்க. அத்தை முறுக்குச் சுட்டிருக்காங்க" என்று கூப்பிட்டேன். முறுக்கு என்றதும் வந்துவிட்டான்.

மாமனார் வந்தால் நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொடுத்து, மருமகள் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நின்றேன். பாடம் சொல்லிக் கொடுக்க அதைவிட வசதியான இடம் ஏது? காபித் தட்டுக்குக் கீழே இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம். பார்த்ததும் எழுந்தான். "யாருக்கும் தெரியாது" என்றேன். "முறுக்கு இன்னும் இருக்கு" என்றும் சொன்னேன். உட்கார்ந்தான்.

'பி'யும் 'டி'யும் அவனுக்கு ஒரே எழுத்து, வயிறு எந்தப் பக்கம் என்பதில்தான் குழப்பம். எட்டாவது வரைக்கும் எல்லாப் பாடத்தையும் காதால் கேட்டே ஓட்டியிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது, கூடவே இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்து ஒரு மரியாதையும் வந்தது.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். "மாமனாருக்குப் பக்கத்துல நின்னு பதவிசாப் பேசுறாளே" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

சின்ன மாமனார் தினமும் வருகிறார். முறுக்கு தீர்ந்து அதிரசம், அதிரசம் தீர்ந்து அவித்த கடலை.

வகுப்பில் வாசிப்பு நேரத்தில் ஆடு கத்தவில்லை. மற்றவர்கள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், அவன் தொடங்காமல் இவர்களுக்கும் தொடங்கத் தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

பொறுமை எனக்கு வரமாகக் கிடைக்கவில்லை. இன்று ஒரே வார்த்தையை ஏழாவது தடவை தப்பாகச் சொன்னதும் "ஏலே, கண்ணு எங்க இருக்கு?" என்று கத்திவிட்டேன். ஏலே! மாமனாரை! அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அத்தை கரண்டியோடு வாசலில்.

தங்கபாண்டி நிதானமாகக் காபியை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னான்: "பூனைய வெரட்டுறாக மதினி."

எங்கள் வீட்டில் பூனை இல்லை. அத்தைக்கும் அது தெரியும். என்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், தட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த புத்தகத்தையும் பார்த்தார். உள்ளே போய் இன்னும் கொஞ்சம் கடலை கொண்டுவந்து வைத்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

நாளைக்கு ஆபீசர் வருகிறார். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கபாண்டி வராந்தாவில் காத்திருந்தான்.

"டீச்சர், நாளைக்கு மட்டும் பேரச் சொல்லிக்கங்க."

"மூணாவது கண்டிசன்?"

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

நவம்பர் 26, புதன்

ஆபீசர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தெரசாள் டீச்சர் கதவோரம். நான் பாடம் எடுத்தேன், என்ன எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வகுப்பு அமைதியாகவும் இல்லை, சந்தைக்கடையாகவும் இல்லை. மாரிக்கண்ணன் ஒரு தும்மல் தும்மினான், அவ்வளவுதான்.

வாசிப்பு வந்தது. இவாஞ்சலின் வாசித்தாள். ஆபீசர் கையைக் காட்டி, "எம் பக்கத்துல இருக்கிற தம்பி வாசிக்கட்டும்" என்றார். கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் இருந்தது யார்? வேறு யார்!

"தங்கபாண்டி" என்றேன். "எந்திரிச்சு வாசி" என்று சொல்ல வாயெடுத்தேன், "வாசிங்க" என்றுதான் வந்தது.

எழுந்தான். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினான். ரயிலில் ஊருக்குப் போகும் ஒரு குடும்பத்தைப் பற்றிய பாடம். நாலு வரிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ. ரயிலே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். மாரிக்கண்ணன் லேசாகச் சிரித்தான். தங்கபாண்டி நிறுத்தவில்லை, ஆடு கத்தவில்லை, வயிறு வலிக்கவில்லை. மூன்று தப்பு. மூன்றில் இரண்டை அவனே திருத்தினான்.

ஆபீசர் ஆங்கிலத்திலேயே கேட்டார், வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று. தங்கபாண்டி நிமிர்ந்து நின்று, தெளிவாக, ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்:

"மை டாட்டர்-இன்-லா, சார்."

பேனா நின்றது. "வாட்?"

காது கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னான். "மை டாட்டர்-இன்-லா, சார்!" சொன்னதோடு என்னைக் கைகாட்டினான்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். அவனுடைய அரைக்கால் டவுசரைப் பார்த்தார். பிறகு தெரசாள் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் "ஆண்டவரே" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். முப்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில், "ஆமா சார், முறைக்கு!" என்றார்கள். எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. போச்சு, பதினொரு ஆடும் வரிசையாகக் கண் முன்னால் வந்தன.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. "எங்க ஊர்ல எனக்கு அஞ்சு வயசுல ஒரு அத்தை இருக்கு டீச்சர்" என்றார். "போனா எந்திரிச்சு நிக்கணும்."

நவம்பர் 28, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. தெரசாள் டீச்சர் படித்துக் காட்டினார். வகுப்பு அமைதி: சுமார். வாசிப்பு: முன்னேற்றம் உண்டு. ஆசிரியர் தொடரலாம்.

தொடரலாம், தொடரலாம், தொடரலாம்.

அத்தையிடம் சொன்னேன். "ஆட்டுக்கு ஆள் பாக்கணும்" என்றார். அப்புறம் அவராகவே, "நம்ம டீச்சரு சாப்பிட வாங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது போதும்.

டிசம்பர் 22, திங்கள்

அரையாண்டுத் தாள் திருத்தினேன். பதினேழாவது தாளை மூன்று தடவை கூட்டினேன். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். முப்பத்தேழு. ஒரு மார்க்கும் நான் சேர்த்துப் போடவில்லை, எல்லாம் அவன் எழுதியது. 'பி' இன்னும் ஒரு இடத்தில் வயிற்றைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

ஜனவரி 8, வியாழன்

நேற்று ரேங்க் கார்டு கொடுத்தேன், வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி. இன்று முப்பத்து மூன்று கார்டு திரும்பி வந்தது. தங்கபாண்டி மட்டும் தரவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜைக்கு வந்து வைத்தான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது.

"தாத்தா ஊர்ல இல்லையா?"

"இருக்காக. எதக் குடுத்தாலும் பாக்காமப் போடுவாக டீச்சர். பாத்துட்டுப் போடுற ஆளு வேணும்." கார்டை என் பக்கமாக நகர்த்தினான். "நீங்க போடுங்க."

"நான் உங்களுக்கு மருமக. சின்னவ போடக் கூடாது."

"வீட்டு ஆளுதான? போடுங்க."

வகுப்பு ஆசிரியர் என்ற இடத்தில் என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலம் முப்பத்தேழு என்பதை இன்னொரு தடவை பார்த்தேன், அவன் பார்க்கும்படி விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு கீழே இருந்த கோட்டிலும் 'வீ. பாண்டீஸ்வரி' என்று போட்டேன். கார்டை வாங்கி, மை காய ஊதிக்கொண்டே போனான்.